யாரைக் குறைக்கிறார்கள்?

(நாவற்குடாவில் தோட்டத் தலைவர்கள், மாதர் அணியினர், இளைஞர்கள் ஆகியோருக்காக நடந்த இரண்டு நாள் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை.)



முந்தாநாள் இரவு குளிருக்குப் போர்த்திக்கொண்டு பஸ் ஏறினோம். கல்லடிப் பாலம் தாண்டும்போது ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டோம். ஒரு பக்கம் வாவி, ஒரு பக்கம் கடல், நடுவில் இந்த நாவற்குடா. மலையைத் தவிர வேறொன்றும் பார்க்காத பிள்ளைகள் சிலர் நேற்று முழுவதும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நமக்கு இந்த மாவட்டம் அந்நியமல்ல. 1977லும் 1983லும் அடிபட்டு மலையை விட்டு வந்த நம் ஆட்களில் பலர் மட்டக்களப்புப் பக்கம் வந்து குடியேறினார்கள். இங்குள்ளவர்கள் அவர்களுக்கு இடம் கொடுத்தார்கள். அந்த நன்றியோடு பேச்சைத் தொடங்குகிறோம்.

நிகழ்ச்சி நிரலில் நமக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, “பேச்சுவார்த்தைக்கு வேண்டிய ஆங்கிலம்.” தொழிற்சங்க வகுப்பில் ஆங்கிலப் பாடம் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். கம்பனியிலிருந்து வரும் கடிதம் ஆங்கிலத்தில் வருகிறது. கூட்டு ஒப்பந்தத்தின் வாசகத்தை ஆங்கிலத்தில்தான் எழுதினார்கள். பேசுகிற மேசையில் நமக்கு எதிரே இருப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதும் ஆங்கிலத்தில்தான். அந்த மொழியில் நம்மைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தெரியாமல் போய் உட்காரக்கூடாது. அதனால் இன்றைக்கு ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறோம். அதை முழுசாகப் படிப்போம்.

அந்தச் சொல் “பீட் டவுன்.”

“பீட்” என்றால் அடி. “டவுன்” என்றால் கீழே. இரண்டையும் சேர்த்தால் அடித்துக் கீழே போடுவது என்றுதான் நம் பிள்ளைகள் அர்த்தம் சொல்வார்கள். வகுப்பில் ஒரு மாணவன் அப்படித்தான் எழுதினான். ஒரு கதையில் வியாபாரி ஒருவன் விவசாயியை “பீட் டவுன்” செய்தான் என்று வந்தது. வியாபாரி விவசாயியை அடித்துக் கீழே தள்ளினான் என்று இவன் எழுதிவிட்டான். நாமும் சிவப்புப் பேனாவால் பிழை என்று போட்டோம். இந்த இடத்தில் அதற்கு அர்த்தம், பேரம் பேசி விலையைக் குறைப்பது. கை நீட்டி அடிப்பதல்ல, பேச்சால் அடிப்பது. ஆனால் அந்த மாணவன் எழுதியது முழுப் பிழையல்ல என்று பிறகு தோன்றியது. அது ஏன் என்று வருகிறோம்.

முதலில் நேற்று மாலை நடந்ததைச் சொல்கிறோம். நம் தம்பி ஒருவர் வாவிக்கரைப் பக்கம் போய் இறால் வாங்கினார். விற்றவர் வயதான அம்மா. கிலோ 1,800 ரூபா என்றார். தம்பி 1,200 என்றார். அந்த அம்மா, “இதுக்குக் கீழ ஏலா மனே. தோணிக்காரருக்குக் குடுத்துட்டுத்தான் கொண்டு வந்தனான்” என்றார். தம்பி திரும்பி நடந்தார். பத்து அடி போனதும் அம்மா கூப்பிட்டார். 1,400க்கு முடிந்தது. தம்பி ஓடி வந்து, “டீச்சர், நானூறு ரூபா குறைச்சிட்டேன்” என்றார். நாமும் கை தட்டினோம். இரவு எல்லோரும் அந்த இறாலைத்தான் ருசித்துச் சாப்பிட்டோம்.

இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? இரண்டு விதமாகச் சொல்லலாம்.

ஒன்று, விலையை வைத்துச் சொல்வது. “ஹீ பீட் த பிரைஸ் டவுன்.” அவன் விலையை அடித்துக் குறைத்தான். “ஹீ பீட் டவுன் த பிரைஸ்” என்றும் சொல்லலாம். ஆனால் விலை என்ற சொல்லை விட்டுவிட்டு “அதை” என்று சொன்னால், “பீட் இட் டவுன்” என்றுதான் வரும். “பீட் டவுன் இட்” என்று வராது. பரீட்சை எழுதும் பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, நேற்று குறைத்தான் என்றாலும் “பீட்”தான், இன்று குறைக்கிறான் என்றாலும் “பீட்”தான். இறந்தகாலத்துக்கு வேறு வடிவம் இல்லை.

இரண்டாவது விதம், ஆளை வைத்துச் சொல்வது. “ஹீ பீட் ஹேர் டவுன் டு போர்ட்டீன் ஹண்ட்ரட்.” “ஹேர்” என்றால் அவளை. அதாவது, அவன் அவளை 1,400க்கு அடித்துக் குறைத்தான். இங்கே விலை என்ற சொல்லே இல்லை. குறைந்தது யார்? அவள். தொகை “டு” என்ற சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறது. ஆங்கிலேயர் சாதாரணமாகப் பேசும்போது இந்த இரண்டாவது விதமும் தாராளமாக வரும். அவர்களுக்கு இது பழகிப்போன பேச்சு. நமக்குத்தான் நின்று பார்க்கத் தோன்றுகிறது. ஒரு பொருளின் விலையைக் குறைத்த செய்தியைச் சொல்லும்போது, அதை விற்ற ஆளைக் குறைத்ததாக அந்த மொழி சொல்கிறது.

சரி, நம் தோட்டத்து மொழி என்ன சொல்கிறது? நாம் சம்பளத்தைப் பற்றி எப்படிப் பேசுகிறோம்? “இன்னைக்கு பேர் போட்டாங்களா?” “அவளுக்கு அரைப்பேர்தான் போட்டாங்க.” “இந்த மாசம் எத்தன பேர்?” ஒரு நாள் கூலிக்கு நாம் வைத்திருக்கும் சொல் “பேர்.” செக்ரோலில் நம் பெயருக்கு நேரே ஒரு நாளைப் பதிந்தால் பேர். கிலோ குறைந்தால் அரைப்பேர். காலை முதல் மாலை வரை அட்டைக்கடியிலும் மழையிலும் நின்ற ஒரு முழு மனுஷிக்கு, மாலையில் பாதிப் பெயர். நம் பாட்டிமார் ஆங்கிலம் படிக்கவில்லை. ஆனாலும் கூலியைக் குறைத்தால் ஆளைக் குறைத்ததுதான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த மாணவன் எழுதிய விடையை முழுப் பிழை என்று சொல்ல முடியாது என்றது இதனால்தான்.

இனி நம் விஷயத்துக்கு வருவோம். நம்மை எப்படிக் குறைக்கிறார்கள்? கணக்கோடு பார்ப்போம். கொப்பி வைத்திருப்பவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

1992இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளுக்குப் போனது. அதன் பிறகு சம்பளம் கூட்டு ஒப்பந்தத்தில் தீர்மானமாகியது. ஒரு பக்கம் கம்பனிகளுக்காக முதலாளிமார் சம்மேளனம். மறு பக்கம் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், இலங்கை தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம், பெருந்தோட்டத் தொழிற்சங்கக் கூட்டுக் கமிட்டி. 2013இல் செய்த ஒப்பந்தப்படி ஒரு நாளைக்குக் கிடைக்கக்கூடிய மொத்தத் தொகை 620 ரூபா. அதில் அடிப்படைச் சம்பளம் 450 மட்டுமே. அந்த ஒப்பந்தம் 2015 மார்ச் 31இல் முடிந்தது. அப்போது நாம் வைத்த கோரிக்கை 1,000 ரூபா.

புது ஒப்பந்தம் எப்போது வந்தது? 2016 ஒக்டோபரில். பதினெட்டு மாதம். இதுதான் குறைப்பதற்கான முதல் வழி: காலத்தை இழுப்பது. இறால் விற்ற அம்மாவை எண்ணிப் பாருங்கள். இருட்டினால் இறால் கெட்டுவிடும். தம்பிக்கு இறால் இல்லாவிட்டால் பருப்பு. காத்திருக்க முடியாதவர்தான் இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. நமக்கும் அப்படித்தான் நடந்தது. ஒப்பந்தம் முடிந்தும் கொழுந்து நிற்கவில்லை. பழைய சம்பளத்திலேயே நாம் எடுத்தோம், பழைய சம்பளத்திலேயே அது தொழிற்சாலைக்குப் போனது. பேச்சு தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் கம்பனிக்கு இலாபம், நமக்கு நட்டம். கடைசியில் அந்தப் பதினெட்டு மாதத்துக்கும் சேர்த்து நிலுவை கிடைக்கவில்லை.

வந்த தொகை எவ்வளவு? 730 ரூபா. 1,000 கேட்டோம், 730க்கு முடிந்தது. “தே பீட் அஸ் டவுன் டு செவன் ஹண்ட்ரட் அண்ட் தேர்ட்டி.” நம்மை 730க்கு அடித்துக் குறைத்தார்கள். வாக்கியம் இப்போது புரிகிறதா?

ஆனால் அந்த 730உம் முழுசான 730 அல்ல. இது இரண்டாவது வழி: தொகையைப் பிரித்துப் பிரித்துப் பெட்டிகளில் போடுவது. அடிப்படைச் சம்பளம் 500. விலைப் பங்குக் கொடுப்பனவு 30. வரவுக் கொடுப்பனவு 60. உற்பத்தித்திறன் ஊக்கத்தொகை 140. கூட்டினால் 730 வரும். ஆனால் வரவுக் கொடுப்பனவு வேண்டுமென்றால் தோட்டம் வேலை கொடுத்த நாட்களில் நூற்றுக்கு 75 வீதம் போயிருக்க வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல், மாமியாருக்கு கிளினிக் என்று நின்று அந்த வீதத்துக்குக் கீழே போனால் 60 போய்விடும். ஊக்கத்தொகை வேண்டுமென்றால் சொன்ன கிலோ எடுக்க வேண்டும். வரட்சியில் மலையில் கொழுந்தே இல்லையென்றால் எங்கே போய் எடுப்பது? மழை பெய்யாதது நம் குற்றமா? 140 போய்விடும்.

இன்னொரு நட்டமும் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம் கட்ட வேண்டும். ஊக்கத்தொகைக்கும் வரவுக் கொடுப்பனவுக்கும் அது கிடையாது. 140உம் 60உம் சேர்த்து 200. இந்த 200 அடிப்படைச் சம்பளத்தில் இருந்திருந்தால் முதலாளி நாளுக்கு 24 ரூபா கூடுதலாகக் கட்டியிருப்பார். 25 நாள் பேர் விழுந்தால் மாதம் 600 ரூபா. வருடத்துக்கு 7,200 ரூபா. பென்சன் எடுக்கும் வயதில் கையில் வரும் பணத்தில் இது குறையும். முப்பது வருடம் வேலை செய்த ஒரு அம்மாவுக்கு எவ்வளவு குறையும் என்று வீட்டில் பிள்ளைகளை வைத்துக் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல கணக்குப் பாடம்.

அடுத்த ஒப்பந்தம் 2019 ஜனவரியில் கையெழுத்தானது. அதற்கு முன்னால் 2018 ஒக்டோபரில் கறுப்பு உடுத்திய நம் இளைஞர்கள் கொழும்பு காலிமுகத்திடலில் திரண்டு 1,000 ரூபா கேட்டார்கள். இங்கே உட்கார்ந்திருக்கும் சிலர் அன்றைக்கு அங்கே நின்றவர்கள். டிசம்பரில் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. பிறகு வந்த அறிவிப்பு: அடிப்படைச் சம்பளம் 500இலிருந்து 700. ஒரேயடியாக 200 ரூபா உயர்வு! பத்திரிகையில் பெரிய எழுத்தில் வந்தது.

கீழே சின்ன எழுத்தில் என்ன இருந்தது? வரவுக் கொடுப்பனவு 60 நிறுத்தம். ஊக்கத்தொகை 140 நிறுத்தம். அறுபதும் நூற்றி நாற்பதும் எவ்வளவு? அதே 200. விலைப் பங்குக் கொடுப்பனவு 30இலிருந்து 50 ஆனது. ஆக மொத்தம் 750. முன்பு முழுத் தொகையும் வாங்கியவருக்குக் கூடியது 20 ரூபா. முன்வாசலால் வந்த 200 பின்வாசலால் போய்விட்டது.

நியாயமாகவும் பேச வேண்டும். அடிப்படைச் சம்பளம் 700 ஆனது நல்ல காரியம். சேமலாப நிதிக்கு அது உதவியது. நிபந்தனை காரணமாக முன்பு 60உம் 140உம் கிடைக்காதவர்களுக்கு உண்மையிலேயே கூடியது. அதை மறைத்துப் பேசினால் நாமும் கம்பனி மாதிரி ஆகிவிடுவோம். ஆனால் 1,000 கேட்டவர்களுக்கு 200 கூட்டியதாகச் சொல்லி 20ஐக் கையில் வைத்ததை என்னவென்று சொல்வது?

1,000 ரூபா எப்போது வந்தது? 2021 மார்ச்சில், சம்பள நிர்ணய சபை மூலம், வர்த்தமானியில். 900 அடிப்படை, 100 வரவு செலவுப் படி. கேட்டது 2015இல், கிடைத்தது 2021இல். ஆறு வருடத்தில் அந்த 1,000 ரூபா எவ்வளவு சுருங்கிவிட்டது என்று கடைக்குப் போகும் பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு கூட்டு ஒப்பந்தம் இல்லாமல் போனது. பல தோட்டங்களில் கிலோவைக் கூட்டினார்கள், வேலை நாளைக் குறைத்தார்கள். இது மூன்றாவது வழி: சம்பளத்தைத் தொடாமல் வேலையைக் கூட்டுவது. ரூபா மேலே போகும், பேர் கீழே வரும்.

2024இல் என்ன நடந்தது? மே தினத்தில் கொட்டகலையில் 1,700 ரூபா அறிவிப்பு வந்தது. அதையும் பிரித்துத்தான் வைத்திருந்தார்கள். 1,350 நாட் சம்பளம், 350 விசேட கொடுப்பனவு. கம்பனிகள் நீதிமன்றம் போயின. செப்டெம்பரில் கடைசியாக வந்தது 1,350. எது விழுந்தது என்று பாருங்கள். தொங்கவிட்டிருந்த 350தான் விழுந்தது. 2025 நவம்பரில் வாசித்த வரவு செலவுத் திட்டத்தில் 1,750 என்றார்கள். 1,550 சம்பளம், 200 அரசாங்கம் தரும் வரவு ஊக்கத்தொகை. தொகை கூடியதில் சந்தோஷம்தான். ஆனால் அந்த 200 எந்தப் பெட்டியில் இருக்கிறது? 2016இல் நாம் பார்த்த அதே மாதிரிப் பெட்டி. அதை 1,550ஓடு சேர்க்க வைப்பது இனி நம் வேலை.

இப்போது ஒரு கேள்வி. “பீட் டவுன்” என்பதற்கு எதிர்ச்சொல் என்ன? நேற்று ஒரு தங்கச்சி உடனே “பீட் அப்” என்றார். அவசரப்பட்டு மேசையில் போய் அதைச் சொல்லிவிடாதீர்கள். “பீட் அப்” என்றால் ஆளைப் போட்டு அடித்துத் துவைப்பது. துரையிடம் போய் அப்படிச் சொன்னால் பொலிஸ்தான் வரும். (சிரிப்பு.)

சரியான எதிர்ச்சொல் “ஹோல்ட் அவுட் ஃபோர்.” “ஹோல்ட்” என்றால் பிடி. வேண்டியது கிடைக்கும்வரை குறைந்ததை ஏற்காமல் பிடித்துக்கொண்டு நிற்பது. “வீ ஆர் ஹோல்டிங் அவுட் ஃபோர் எ தௌசண்ட்.” நாம் ஆயிரத்துக்காக நிற்கிறோம். இதோடு இன்னும் இரண்டு சொற்கள் சொந்தக்காரர்கள் மாதிரி வரும். “பேக் டவுன்” என்றால் நின்ற நிலையிலிருந்து பின்வாங்குவது. “செட்டில் ஃபோர்” என்றால் கேட்டதற்குக் குறைந்தது என்று தெரிந்தும் போதும் என்று ஒத்துக்கொள்வது. இவை எல்லாம் பேச்சு வழக்கு. கடிதத்தில் எழுதும்போது நாகரிகமான பெரிய சொற்களைப் போடுவார்கள். ஆனால் மேசையில் நடப்பதை இந்தச் சின்னச் சொற்கள்தான் உள்ளபடி சொல்கின்றன.

“செட்டில் ஃபோர்” என்பது கேவலமான சொல் அல்ல. எந்தப் பேச்சுவார்த்தையும் எங்கேயோ ஓரிடத்தில் முடியத்தான் வேண்டும். கேட்டதெல்லாம் கிடைத்த போராட்டம் உலகத்தில் குறைவு. “பீட் டவுன்” வேறு, “செட்டில் ஃபோர்” வேறு. முதலாவதில் அடுத்தவன் நம்மைக் குறைக்கிறான். இரண்டாவதில் நாமே கணக்குப் பார்த்து, இது போதும் என்று முடிவு செய்கிறோம். யார் முடிவு செய்தது என்பதுதான் வித்தியாசம்.

கடல் தாண்டி ஓர் உதாரணம் சொல்கிறோம். கேரளத்தில் மூணாறு. அங்கே கொழுந்தெடுப்பவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போலத் தமிழ்நாட்டிலிருந்து மலைக்கு ஏற்றிக்கொண்டு போன குடும்பங்களின் பிள்ளைகள். 2015 செப்டெம்பரில் கம்பனி போனஸை 10 வீதமாகக் குறைத்தது. பெண்கள் 20 வீதம் கேட்டு ரோட்டில் உட்கார்ந்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள், ஒன்பது நாள். “பொம்பிளை ஒருமை” என்று பேர் வைத்துக்கொண்டார்கள். 20 வீதம் வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். அங்கேயும் பெட்டி விளையாட்டு இருந்தது. 8.33 வீதம் போனஸ், 11.67 வீதம் கருணைத் தொகை என்று பிரித்துத்தான் கொடுத்தார்கள். ஆனாலும் கைக்கு 20 வந்தது. இதுதான் “ஹோல்ட் அவுட்.” அடுத்து நாட் கூலி 232இலிருந்து 500 வேண்டும் என்று கேட்டார்கள். ஒக்டோபரில் 301க்கு முடிந்தது. கேட்டதற்கு வெகு தூரம்தான். ஒரே ஆட்கள், ஒரே மலை, இரண்டு மாதத்துக்குள் ஒன்றில் முழு வெற்றி, ஒன்றில் பாதி.

அந்தப் போராட்டத்தில் சங்கக்காரர்களான நமக்கு ஒரு கசப்பான பாடமும் இருக்கிறது. அந்தப் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களைப் பக்கத்திலேயே சேர்க்கவில்லை. எங்களுக்காகப் பேசப்போய் கம்பனியோடு ஒத்துப்போனீர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். இந்தக் கோபம் நம் மலையில் இல்லையா? 2016லும் 2019லும் கையெழுத்தானதை பிரட்டுக் களத்தில் நின்ற பெண்கள் எப்படித் தெரிந்துகொண்டார்கள்? ரேடியோவிலும் டிவியிலும். சந்தா மட்டும் மாதம் தவறாமல் செக்ரோலில் வெட்டுப்பட்டது. கம்பனி நம்மைக் குறைத்தது என்று மேடையில் பேசுகிறோம். நம் உறுப்பினர்களைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டால் நாமும் அவர்களுடைய பேரைப் பாதியாக்கியவர்கள்தான். இதை வேறு யாரும் வந்து சொல்வதற்கு முன்னால் நம் வகுப்பில் நாமே சொல்லிக்கொள்வது நல்லது.

நின்று வாங்கிய வரலாறு நமக்கும் உண்டு. ஒரே மலையில், ஒரே வெயிலில் வேலை செய்தாலும் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த சம்பளம் என்பது நம் தோட்டங்களில் எத்தனையோ தலைமுறையாக நடந்தது. 1984இல் தோட்டங்கள் எல்லாம் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் வந்தது. அன்றைக்கு நின்ற பெண்கள் சிலர் இன்றைக்கும் லயத்து வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். போய்க் கேளுங்கள். அரிசிக்கு என்ன செய்தீர்கள், கடைக்காரர் கடன் தந்தாரா, பிள்ளைகளுக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். ஏனென்றால் நிற்பதற்கு வீரம் மட்டும் போதாது, அரிசியும் வேண்டும். காத்திருக்க முடிந்தவரை யாராலும் அடித்துக் குறைக்க முடியாது.

கம்பனிக்கும் காத்திருக்க முடியாத நேரம் உண்டு. கொழுந்து கூடும் மாதத்தில் ஒரு கிழமை எடுக்காவிட்டால் மலை முற்றிவிடும். எடுத்த கொழுந்து அன்றைக்கே தொழிற்சாலைக்குப் போயாக வேண்டும். இறால் கெடுவது போலக் கொழுந்தும் கெடும். அதனால் பேச்சைத் தொடங்கும் மாதத்தை அவர்கள் தீர்மானிக்க விடக்கூடாது.

இனி நீங்கள் ஊருக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டியது. யாராவது ஒரு தொகையைச் சொன்னால், அது கொழும்பிலிருந்து வந்தாலும் சரி, உங்கள் தோட்டத்துத் துரை சொன்னாலும் சரி, கை தட்டுவதற்கு முன்னால் நாலு கேள்வி கேளுங்கள்.

முதலாவது: இதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? மீதி எந்தெந்தப் பெட்டியில் இருக்கிறது?

இரண்டாவது: அந்தப் பெட்டியைத் திறக்க என்ன நிபந்தனை? எத்தனை கிலோ, எத்தனை நாள்? மழையில்லாத மாதத்தில் என்ன கணக்கு?

மூன்றாவது: எந்தத் திகதியிலிருந்து? பிந்திய மாதங்களுக்கு நிலுவை உண்டா?

நாலாவது: இதைக் கூட்டும்போது எதை நிறுத்துகிறீர்கள்?

இந்த நாலு கேள்வியையும் 2019 ஜனவரியில் ஒவ்வொரு பிரட்டுக் களத்திலும் கேட்டிருந்தால், 20 ரூபாவை 200 என்று யாரும் சொல்லியிருக்க முடியாது.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். எந்தத் தொகைக்கும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்தக் கடதாசி தமிழில் தோட்டக் கமிட்டிக்கு வர வேண்டும். மாதர் அணியிடமும் வர வேண்டும். கொழுந்து எடுப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். மேசையில் உட்காருபவர்கள் எத்தனை பேர் பெண்கள்? அவர்களும் உட்கார வேண்டும். கிலோவைப் பற்றிப் பேசும்போது கூடை கட்டினவர் அங்கே இல்லாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்?

கடைசியாக, இறால் வாங்கிய தம்பியிடம் திரும்புவோம். இன்று காலை தேத்தண்ணி குடிக்கும்போது அவர் கேட்டார்: “அப்ப பேரம் பேசுறதே பிழையா டீச்சர்?” பிழையில்லை தம்பி. நாமும் கையில் எண்ணிப் பார்த்துச் செலவழிக்கும் ஆட்கள். 1,800 நம்மாலும் முடியாது. சந்தையில் விற்பவர் கூட்டிச் சொல்வதும் வாங்குபவர் குறைத்துக் கேட்பதும் இருக்கத்தான் செய்யும். ஆனால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தாயா என்றுதான் கேட்டோம். தோணிக்காரருக்குக் கொடுத்த கணக்கை அவர் சொன்னபோது காதில் விழுந்ததா என்று கேட்டோம். நம்மைக் குறைப்பவர்கள் ஒரு நாளும் நம் கணக்கைக் கேட்டதில்லை. அந்த ஒரு விஷயத்தில் நாம் அவர்களைப் போல இருக்க வேண்டியதில்லை.

தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “இன்னைக்குச் சாயந்தரமும் அங்கதான் போவேன் டீச்சர். வெலயக் கேட்டுட்டு, அவங்களுக்கு என்ன மிஞ்சும்னும் கேக்குறேன்” என்றார். போகட்டும். நேற்று அவர் குறைத்த அந்த வாக்கியத்தில் அந்த அம்மாவுக்குப் பெயர்கூட இல்லை, “ஹேர்” என்றுதான் இருந்தது. இன்றைக்குப் போகும்போது அவர் பெயரையும் கேட்டு வரச் சொல்லியிருக்கிறோம்.

வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளைகளின் ஆங்கிலக் கொப்பியில் இந்த நாலு சொல்லையும் எழுதச் சொல்லுங்கள்: பீட் டவுன், பேக் டவுன், செட்டில் ஃபோர், ஹோல்ட் அவுட் ஃபோர். பக்கத்தில் தமிழ் அர்த்தத்தை நீங்கள் சொல்லிக் கொடுங்கள். ஆங்கிலம் தெரியாது என்று ஒதுங்காதீர்கள். இந்தச் சொற்களின் அர்த்தத்தை அரைப்பேர் வாங்கியவரைவிட நன்றாகச் சொல்லிக் கொடுக்க எந்த ஆங்கில ஆசிரியராலும் முடியாது.